கொண்டல் எழும்ப முந்தி

போன ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குத் தேர் பார்க்கப் போயிருந்தேன். தேர் பார்க்க என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. என் வயதுக்காரர் தேருக்குப் போவது, பழைய ஆட்களில் யார் யார் இன்னும் நடமாடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வரத்தான். ரூஜில் இருந்து மகள்தான் காரில் கூட்டிவந்தாள். மனைவிக்கு முழங்கால் வலி, வீட்டில் நின்றுவிட்டாள். வாசலில் என்னை இறக்கிவிட்டு, "அப்பா, பார்க்கிங் கிடைச்ச உடன கோல் பண்ணுறன், ஒரு இடத்தில நில்லுங்கோ" என்றாள் மகள். ஒரு இடத்தில் நிற்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே இருந்ததில்லை.

கூட்டத்துக்குள் இடிபட்டுப் பார்க்கிங் லொட்டின் ஓரத்துக்கு வந்தபோது அந்த மணம் வந்தது. ஒரு கூடாரத்தின் கீழ், காஸ் அடுப்பில் பெரிய தாச்சியை வைத்து, மணல் போட்டு ஒரு பெண் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தாள். நிலக்கடலையைத்தான் சொல்கிறேன். ஈழத்தில் நாங்கள் அதைக் கச்சான் என்போம். கச்சான் கடை இல்லாத திருவிழாவைத் திருவிழாக் கணக்கிலேயே சேர்க்கமாட்டோம். வரிசையில் நின்றவர்கள் கச்சான் வாசத்தில் சொக்கிப்போய் நின்றார்கள். எனக்கோ கச்சான் மணக்கவில்லை. மணல்தான் மணத்தது.

சுட்ட மணலுக்கு ஒரு தனி மணம் உண்டு. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் புழுதி, எங்கேயோ துணி கருகுவது போலவும் இருக்கும். என் இருபதுகளில் நல்ல பங்கை அந்த மணத்துக்குள் கழித்தவன் நான். கனடாவுக்கு வருமுன் ஓமானில், உள்நாட்டுப் பாலைவனத்தில், ரோட்டுப் போடுகிற ஒரு கம்பனியில் ஸ்ரோர் கீப்பராக இருந்தேன். அங்கே என் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் "ஸ்ரோர்". நட்டும் போல்ட்டும் கொடுத்து வாங்குகிற வேலைக்கு அந்தப் பெயரே அதிகம்.

நாங்கள்தான் அந்த வெளிக்கு முதலில் போகிறோம் என்று எஞ்சினியர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். லொறிகளில் ஏறி, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஏதோ கண்டம் கண்டுபிடிக்கப் போகிறவர்கள் மாதிரி நாங்களும் போனோம். போய் இறங்கினால், தகரப் பரல்களை வெட்டி நிமிர்த்திக் கட்டிய ஒரு குடில். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பம்ப். அதன் அருகில் ஆளுயரத்துக்கு ஒரு முருங்கை மரம். குடிலுக்குள்ளிருந்து இடுப்பில் சிவப்புச் சாரம் கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் வெளியே வந்து, எங்களை மேலும் கீழும் பார்த்து, "தமிழ் ஆக்களோ? தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டார். கண்டம் கண்டுபிடிக்கப் போன எங்களுக்கு மூஞ்சி செத்துவிட்டது.

அவர்தான் ராயப்பு அண்ணை. மன்னார்க் கடற்கரை ஆள். மஸ்கட்டுக்கு மீன்பிடிப் படகில் வேலைக்கு வந்தவரை, கிணறு துளைக்கிற கூட்டமொன்று கூலிக்கு உள்நாட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறது. கிணறு துளைத்து முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். பம்பைப் பார்க்க யாராவது ஒருவர் நிற்க வேண்டும் என்றார்களாம், அண்ணை நின்றுவிட்டார். பிறகு கம்பனி அவரையும் சம்பளத்தில் சேர்த்து, ஒரு பழைய பிக்கப்பையும் கொடுத்தது. கம்பனி அந்த இடத்துக்கு ஒரு இலக்கம் வைத்திருந்தது. அண்ணை வைத்த பெயர் "துறை". சொட்டுக் கடல் இல்லாத, படகு இல்லாத ஒரு துறை. முதலில் சிரித்தோம், பிறகு நாங்களும் அப்படியே சொல்லத் தொடங்கினோம். ரோட்டு வேலை முடிந்து திரும்பும்போது "துறைக்கு வந்திட்டம்" என்று சொல்வதில் ஒரு ஆறுதல் இருந்தது.

ஊருக்குப் போகவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். அவருடைய மனைவி முன்னரே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஊர் ஊர்தானே. சண்டை தொடங்கி, கடலில் இறங்கக் கூடாது என்று தடை போட்டிருந்த காலம் அது.

"போய் என்ன செய்ய, தம்பி? கடலைப் பூட்டிப்போட்டாங்கள்" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் கை சும்மா இருக்கவில்லை, வலையின் ஓட்டையைப் பொத்திக்கொண்டிருந்தது. ஓம், பாலைவனத்தில் வலை. பம்பிலிருந்து ஒழுகும் தண்ணீர் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கும். விடியற்காலையில் கௌதாரி மாதிரி ஒரு பறவை கூட்டங்கூட்டமாக அதில் தண்ணீர் குடிக்க வரும். அண்ணை முருங்கைக்குப் பின்னால் பதுங்கி நின்று, ஒரு கால் முன்வைத்து, இடுப்பைத் திருப்பி, வீச்சுவலையை எறிவார். வலை வட்டமாக விரிந்து விழும். பாகிஸ்தான் டிரைவர்கள் கைதட்டுவார்கள். வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மீதியை வலையைத் தூக்கி விட்டுவிடுவார். செருப்பில்லாமல்தான் நடப்பார். காலையில் மணலைப் பார்த்துக்கொண்டு போய், "ராத்திரி ஒரு நரி வந்திருக்கு, பாவம், ஒரு கால் நொண்டி" என்று வந்து சொல்வார். நானோ இன்றைக்கும் ரூஜ் பூங்காவில் நடக்கப் போனால், போனில் நீலப் புள்ளியைப் பார்த்தபடியே வழி தவறுகிறவன்.

திசை சொல்வதில்தான் அவரோடு பெரும்பாடு. அவருக்குக் கிழக்கு மேற்கு கிடையாது, காற்றுகள்தான். வடக்கு என்றால் வாடை, தெற்கு சோளகம், கிழக்கு கொண்டல், மேற்கு கச்சான். கடலில் அப்படித்தான் சொல்வார்களாம். சாப்பாட்டு மேசையில் "கொஞ்சம் வாடைக்குத் தள்ளி இரு" என்பார். என் ஸ்ரோருக்கு வந்து, "கொண்டல் பக்கத்து அலுமாரியில கயிறு கிடக்கு, எடு" என்பார். போகப்போக எனக்கும் பழகிவிட்டது. மேற்குக் காற்றுக்கும் நிலக்கடலைக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுப் போன எங்கள் முன்னோர்கள், ஓமான் பாலைவனத்தைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. அன்றைக்கு நான் சைவம், அண்ணை வேதக்காரர், கத்தோலிக்கர், அவரும் இறைச்சி தொடமாட்டார். ஆனால் அவருக்கு மீன் சாப்பிடலாம். விடியமுன் தகரத்தில் அடைத்த ஒரு மீன் ரின்னையும் ரெண்டு ரொட்டியையும் துணியில் சுற்றிக்கொண்டு, நீளமான தடி ஒன்றைப் பிக்கப்பில் போட்டுக்கொண்டு தனியே புறப்படுவார். மத்தியானம் தாண்டி, கிழக்கே கடல் பக்கத்திலிருந்து தூசிக் காற்றுக் கிளம்புமுன் வந்துவிடுவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்டதில்லை. வாரம் முழுக்க ஒரே முகங்களைப் பார்க்கிற இடத்தில் ஒரு மனிதனுக்கு அந்தளவு தனிமையாவது வேண்டாமா?

அப்போதுதான் பரமு வந்து சேர்ந்தான், புதுச் சமையல்காரனாக. கோண்டாவில் ஆள். கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டிய ஊர். வந்த கையோடு தீபாவளிக்குக் கச்சான் அல்வா கிண்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். அதற்குக் கச்சானுக்கு எங்கே போவது என்று அந்த வாரம் முழுக்கக் குசினியில் அதே பேச்சு. கிழக்கே, ரோட்டில் கொஞ்சத் தூரம் போனால், ஒரு சின்ன ரவுணும் அதில் ஒரு மலையாளி கடையும் இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ராயப்பு அண்ணை வரவில்லை. காற்றுக் கிளம்பிவிட்டது. தகரக் கூரையில் மணல் வந்து கொட்டுகிற சத்தம். பரமுவிடம் கேட்டேன். "அவர் கச்சான் வாங்கப் போயிட்டார், ஸ்ரோர். விடிய என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்" என்றான், அல்வா கிண்டப் போகிற சந்தோஷத்தோடு. சரி, ரவுணுக்குப் போயிருக்கிறார், காற்று அடங்கும்வரை நிற்கிறார் என்று நினைத்தோம். ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஒரு டிரைவரை அனுப்பினோம். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மலையாளி அன்றைக்கு ராயப்புவைக் காணவே இல்லையாம். ரோட்டிலும் பிக்கப் இல்லை.

பரமுவைக் கூப்பிட்டேன்.

"பரமு, நீ விளங்கினதை விடு. அவர் வாயால என்ன சொன்னவர்? அதைச் சொல்லு."

பரமு கண்ணை மூடி யோசித்தான். "கச்சானுக்குப் போறன், கொண்டல் எழும்ப முந்தி வந்திடுவன் எண்டார்."

"கொண்டல் ஆரெண்டு நினைச்சனி?"

"உந்த நைட் ஷிப்ட் டிரைவர்மாரில ஒருத்தன் எண்டு. அவன் எழும்பிட்டானோ எண்டு நான் போயும் பாத்தனான். அங்கை கொண்டல் எண்டு ஒருத்தரும் இல்லை. குண்டப்பா எண்டு ஒருத்தன் கிடந்தான், அவனைத்தான் எழுப்பினனான். சரியா ஏசிப்போட்டான்."

இன்று நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அன்று சிரிக்க முடியவில்லை. கடை இருந்தது கிழக்கே. அண்ணை போனது மேற்கே. கிழக்குக் காற்று எழும்ப முந்தி வருவேன் என்ற மனிதர், அது எழும்பி இவ்வளவு நேரமாகியும் வரவில்லை.

சாலிம் என்று அந்த நாட்டு டிரைவர் ஒருவர் எங்களோடு இருந்தார். அரபும் உருதும் ஆங்கிலமும் குழைத்த முகாம் பாஷையில் அவருக்கு விஷயத்தைச் சொல்லி, கையை மேற்கே நீட்டினேன். சாலிமின் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புத்தரை. மேலே ஓடு போல் காய்ந்திருக்கும், கீழே சேறு. ஒட்டகங்கள் இறங்கி அப்படியே போயிருக்கின்றன, எங்கள் ஆட்கள் அங்கே கால் வைப்பதில்லை என்றார். சொல்லிக்கொண்டே லொறியில் பலகைகளை ஏற்றினார். நான் ஸ்ரோரில் இருந்த கயிறு முழுவதையும் அள்ளினேன். பரமு ஏப்ரனையும் கழற்றாமல் ஏறிவிட்டான். இறங்கு என்றால் கேட்கவில்லை. "நான் சரியாச் சொல்லியிருந்தால் இந்நேரம் அவர் இஞ்சை இருப்பார்" என்று அழுதான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் கோண்டாவிலில் பிறந்த எவனும் கடைக்குத்தான் போவான்.

தடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை, காற்று எல்லாவற்றையும் துடைத்திருந்தது. முதுகில் கொண்டல் தள்ளத் தள்ள, சாலிம் நிதானமாக ஓட்டினார். அந்த நேரம் நான் கும்பிடாத தெய்வம் இல்லை, அண்ணைக்காக அவருடைய அந்தோனியாரையும் சேர்த்துக் கும்பிட்டேன். வெயில் சாயத் தொடங்கிய வேளையில் பரமுதான் கத்தினான்: "சாரம்! சாரம்!" வெள்ளை வெளியின் நடுவே, ஒரு நீளத் தடியின் நுனியில் சிவப்புச் சாரம் பறந்துகொண்டிருந்தது.

பிக்கப் ரயர் மூடும்வரை புதைந்திருந்தது. அரைக் காற்சட்டையோடு அதன் கூரைமேல் ராயப்பு அண்ணை குந்தியிருந்தார். உதடு வெடித்து, முகமெல்லாம் உப்புப் பூத்து. எங்களைக் கண்டதும் கையைக் காட்டி, "கிட்ட வராதையுங்கோ! கயித்தை எறியுங்கோ!" என்று கத்தினார். நான் எறிந்த கயிறு மூன்றாம் தரமும் பாதி வழியில் விழுந்தது. "உப்பிடியோ கயிறு எறியிறது? கொண்டலுக்கு விட்டு எறி, அது கொண்டுவந்து தரும்" என்று அங்கிருந்தே ஏசினார். சாலிம் வாங்கி எறிந்தார். அண்ணை பிக்கப்பின் பின்பலகையைக் கழற்றி, அதன்மேல் குப்புறக் கிடந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் இழுத்தோம். கையில் தோல் உரிந்ததை அன்றிரவு கைகழுவும்போதுதான் கண்டேன்.

கரையில் எழும்பி நின்றதும் அவர் முதலில் பார்த்தது பரமுவின் ஏப்ரனை.

"அடுப்பை ஆரிட்டை விட்டிட்டு வந்தனி?"

பரமு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறினான். தண்ணீர் கொடுத்தோம். கொஞ்சங் கொஞ்சமாகக் குடித்தார். கச்சான் கதையையும் குண்டப்பாவின் கதையையும் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவருக்கு வெடித்த உதட்டில் இரத்தம் வந்துவிட்டது. சிரிக்கப் பண்ணாதேயுங்கோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரத்தில்தான் காற்று விழுந்தது. ஒரு நொடி எல்லாம் அடங்கியிருந்து, பிறகு மேற்கிலிருந்து மெல்ல ஒரு அசைவு வந்தது. அதோடு ஒரு மணமும் வந்தது. உப்பு, சேறு, வெயிலில் காய்ந்த பாசி. ஊரில் கடலைத் தாண்டும் பண்ணைப் பாலத்தால் சைக்கிளில் போகும்போது மூக்கைப் பொத்துவோமே, அதே மணம். இந்த வெளியில் அதை யார் கொண்டுவந்து வைத்தது?

"அண்ணை, உதென்ன மணக்குது?" என்றேன்.

"இப்பதான் உனக்கு மூக்கு வந்ததோ?" என்றார். பிறகு சாரத்தைக் கட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமையில கடல் பாக்க வாறனான், தம்பி. கண்ணை மூடிக்கொண்டு இருந்து மீன் ரின்னைத் திறந்தால் போதும். இண்டைக்குக் கொஞ்சம் கிட்டப் போயிட்டன்."

பரமு தன் ஊர்ப் பெயரைச் சொல்லி அழுதான். கோண்டாவிலில் கடல் மணக்காது என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. பூட்டப்பட்ட கடலுக்கு இந்த மனிதர் தனியே ஒரு பின்கதவு கண்டுபிடித்து வைத்திருந்தார், அதற்காக உயிரையும் பணயம் வைத்திருந்தார். அவர்மேல் எனக்கு அன்று வந்த அன்பு இன்னும் குறையவில்லை. பிக்கப்பை மீட்க முடியவில்லை, அது அங்கேயே கிடந்தது. எஞ்சினியர் கத்தினார். அண்ணை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமையில் இருந்து சாலிம் தன் லொறியில் அவரை உப்புத்தரையின் ஓரம்வரை கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தார். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

ரோட்டு நீள நீள முகாமும் நகர்ந்தது. ராயப்பு அண்ணை நகரவில்லை. ரோட்டோரத்தில் பிறகு ஒரு பெற்றோல் செட் வந்தது, அதில் காவலுக்கு நின்றார். நான் கனடாவுக்கு வந்தேன். அந்தப் பெற்றோல் செட்டில் ஒரு ரெலிபோன் இருந்தது.

ஸ்காபரோவில் முதல் குளிர்காலத்தில், நத்தார் என்கிற கிறிஸ்துமசுக்கு அவரை அழைத்தேன். எப்படி இருக்கிறாய், வேலை கிடைத்ததா என்று ஒன்றும் கேட்கவில்லை. "அங்கை இப்ப என்ன காத்து?" என்றார். எனக்குத் தெரியவில்லை. குளிருது அண்ணை என்றேன். "அது தெரியும். எந்தப் பக்கத்தால அடிக்குது?" ரெலிபோனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பெனியனோடு பல்கனிக்கு ஓடினேன். எதிரே பழைய கார் விற்கிற கடையில் ஒரு கொடி பறந்துகொண்டிருந்தது. ஓடிவந்து சொன்னேன். "அப்ப வாடையும் கச்சானும் கலந்து வருது. கெட்ட காத்து. காதைப் பொத்து, தம்பி" என்றார். பெனியனோடு வெளியே போனதற்காக மனைவி ஏசினாள். காதைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் எண்களை அழுத்துவேன். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஒருமுறை வேறு யாரோ எடுத்தார்கள். ராயப்பு இருக்கிறாரா என்றேன். "ராயப்பு மாஃபி" என்றது குரல். மாஃபி என்றால் இல்லை. கடைக்குப் போனவனுக்கும் அந்த ஊரில் அதே சொல், செத்துப்போனவனுக்கும் அதே சொல். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவனும் பொறுமையாகத் திரும்பத் திரும்ப மாஃபி என்றான். எந்த மாஃபி என்று சாலிமிடம் விசாரித்துச் சொன்னது, அப்போதும் ஓமானில் இருந்த பரமுதான். நோய் வருத்தம் வந்து இறந்தவரை, அந்த நாட்டிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

பரமுவும் கனடாவுக்கு வந்து, ஒஷாவாவில் ஒரு கன்ரீனில் சமைத்தான். நாங்கள் இரண்டு பேரும் போனில் ஹலோ சொல்வதில்லை. "கொண்டல் எழும்பிட்டானோ?" என்று அவன் கேட்பான். "குண்டப்பாவைக் கேட்டுச் சொல்லுறன்" என்பேன். இந்தப் பங்குனியில் பரமுவும் போய்விட்டான். செத்த வீட்டில் அவன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். காற்றுகளின் பெயரில் தொடங்க வேண்டியிருந்தது. அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள், நான் நிறுத்திவிட்டேன். எங்கள் பேச்சில் ஒருவரை நினைத்து ஏங்குவதைத் தேடுது என்போம். எனக்கு அவர்கள் இருவரையும் தேடுது.

மகளின் கம்ப்யூட்டரில் ஒருநாள் துறையைத் தேடிப் பார்த்தேன். ஆறு வழி நெடுஞ்சாலை, விளக்குக் கம்பங்கள், ஒரு பெரிய கூரை. முருங்கை இல்லை. குட்டை இல்லை. மேற்கே வெள்ளையாக உப்புத்தரை மட்டும் கிடந்தது, பிக்கப்பை முழுதாக விழுங்கிவிட்டு. துறை என்ற பெயர் எந்த வரைபடத்திலும் ஒருபோதும் இருந்ததில்லை. அதைச் சொன்ன வாய்கள் இருந்தவரைதான் அது இருந்தது.

கச்சான் தாச்சிக்கு முன்னால் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

"அப்பா, வேர் ஆர் யூ? எந்தப் பக்கம் நிக்கிறீங்கள்?"

பார்க்கிங் லொட்டின் மேற்கு ஓரத்தில் நின்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது: "கச்சான் பக்கம் நிக்கிறன், பிள்ளை."

"ஓ, பீநட்ஸ்! ஓகே, எனக்கும் ஒரு பை வாங்குங்கோ, வாறன்."

சொன்னபடியே நேராக வந்து சேர்ந்தாள். பிழையான கச்சானைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்துக்கு வந்த முதல் ஆள் அவள்தான். சூடான பையை அவள் கையில் கொடுத்தேன். காருக்கு நடந்தோம். தேர் எப்படி, யாரைக் கண்டீர்கள், முழங்காலுக்கு அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டுமா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தாள். எதிரே ஒரு கடைக் கொடி கிழக்குப் பார்த்துப் படபடத்தது. நல்ல கச்சான். என்ன காற்று அடிக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.